மிஸ் லோலா பெல்லுக்குத் தமிழ் தெரியாது

உன் டோக்கன் எத்தனைம்மா? பத்தொன்பதா? எனக்குப் பதினெட்டு. உள்ள இருக்கிறது பதினேழு. அவ போயே முக்கால் மணி நேரம் ஆச்சு. பல்லைப் பிடுங்குறாங்களா, போர் போடுறாங்களான்னு தெரியல. உட்காரு, உட்காரு. கன்னத்தை இப்படிப் பிடிச்சுக்கிட்டு இருக்கியே, வாயத் தொறக்க முடியலையா? பரவாயில்ல. நீ பேச வேணாம், நான் பேசறேன். எனக்கு அதில ஒண்ணும் சிரமம் இல்ல.

நான் பல் செட்டு மாட்ட வந்திருக்கேன். மேல் வரிசை பூரா காலி. இதுல வேடிக்கை என்னன்னா, ஒரு காலத்தில ரேடியோவுல பல்பொடி விளம்பரத்துக்குப் பாடினதே நான்தான். கேட்டவங்க எல்லாம் ஓடிப் போய் வாங்கினாங்க. நான் மட்டும் கடைசி வரைக்கும் வேப்பங்குச்சி. அதனாலதான் எண்பது வயசு வரைக்கும் தாங்குச்சு.

பாட்டுக்காரிம்மா நான். என்ன பாட்டுன்னு கேளேன். கச்சேரியும் இல்ல, சினிமாவும் இல்ல. சினிமாவுல பாடியிருக்கேன், ஆனா அதைப் பாட்டுன்னு சொல்ல முடியாது. க்ளப் டான்ஸ் வருமில்ல, அதில நடுவில ஒரு பொம்பள விக்கல் எடுப்பா, ஹஹ்ஹான்னு சிரிப்பா, அது நான். பாட்டு வேற யாரோ, விக்கல் நான். என் நிஜமான தொழில் ஜாஸ். அமெரிக்காவில கறுப்பு ஜனங்க கண்டுபிடிச்ச பாட்டு. அதில தாளம் முன்னால போகும், பாடறவ அதுக்குப் பின்னால நிதானமா வரணும். பஸ் கிளம்பின பிறகு ஓடாம நடந்து போய் ஏறுற மாதிரி. பார்க்கிறவங்களுக்கு, ஐயோ விட்டுட்டாளேன்னு பக்குன்னு இருக்கணும், ஆனா ஏறிடணும். எனக்கு அது பிறவியிலேயே வந்தது. கர்வத்துக்குச் சொல்லல. சரி, கர்வத்துக்குத்தான் சொல்றேன்.

என் பேரு லூர்துபாக்கியம். பெரம்பூரு. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர். பக்கத்து வீட்டில லோபோ ஆன்ட்டின்னு ஒரு ஆங்கிலோ இந்தியன் அம்மா. அவங்க வீட்டில ரேடியோகிராம் ஓடினா எங்க வீட்டுச் சுவரே ஆடும். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டே அத்தனை பாட்டையும் நான் மனப்பாடம் பண்ணிட்டேன். அர்த்தம் ஒண்ணும் தெரியாது. இங்கிலீஷ்ல எனக்கு அப்ப தெரிஞ்சது எஸ், நோ, ஜீசஸ். அவ்வளவுதான்.

பத்தொன்பது வயசில ரயில்வே இன்ஸ்டிடியூட்ல கிறிஸ்மஸ் விழா. பாட வேண்டிய லோபோ ஆன்ட்டி பொண்ணுக்குப் பொன்னுக்கு வீங்கி. நான் பாடறேன்னு மேடையேறிட்டேன். அன்னைக்குச் சிறப்பு விருந்தாளியா வந்திருந்தவரு சிவசங்கர முதலியாரு. மவுன்ட் ரோடு பக்கம் ஹோட்டல் மிராண்டான்னு ஒண்ணு நடத்திட்டிருந்தாரு. இப்ப அது இல்ல, அந்த இடத்தில ஜவுளிக்கடை நிக்குது. அப்ப மெட்ராஸ்ல மதுவிலக்கு. ஹோட்டல்ல குடிக்க ஒண்ணும் தர முடியாது. அதனால ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு டீ டான்ஸ்னு வெச்சாங்க. டீ, கட்லெட், பேண்டு. பெரிய மனுஷங்க ஜோடியா வந்து டீயைக் குடிச்சிட்டு ஆடுவாங்க. டீயைக் குடிச்சிட்டு அந்த ஆட்டம் ஆட நம்ம ஊருக்காரனாலதான் முடியும்.

முதலியாரு என் பாட்டைக் கேட்டு அசந்துட்டாரு. ஆனா ஒரு சிக்கல். பெரம்பூர் லூர்துபாக்கியம் பாடறாள்னு போர்டு வெச்சா ஒரு கட்லெட்டு விக்காதாம். அவர் சொன்னது சரிதான். வெள்ளைக்காரின்னும் சொல்ல முடியாது, என் கலரைப் பாரு. கொஞ்ச வருஷம் முன்னாடிதான் வெஸ்ட் இண்டீஸ் டீம் மெட்ராஸ்ல வந்து ஆடி, நம்ம ஆளுங்களைப் பிழிஞ்சு காயப்போட்டுட்டுப் போயிருந்தாங்க. ஊரே அவங்க பேச்சு. முதலியாரு என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. அவங்க ஊருப்பக்கம், டிரினிடாட்னு சொல்லிட்டாரு. அன்னையிலேர்ந்து நான் மிஸ் லோலா பெல், டிரினிடாட் நாட்டுப் பாடகி.

அஞ்சு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதினாரு. ஒரே ஒரு கண்டிஷன்தான் முக்கியம். ஹோட்டல் வாசலுக்கு உள்ள என் வாயிலேர்ந்து தமிழ் ஒரு வார்த்தை வந்தாலும் அன்னைக்கே வேலை போச்சு. வேலைக்காரங்ககிட்டயும் பேசக்கூடாது, பேண்டுக்காரங்ககிட்டயும் பேசக்கூடாது. இது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். முப்பது இங்கிலீஷ் வாக்கியம் சொல்லிக் குடுத்தாரு. முப்பதுக்குள்ள அடங்காத கேள்வி வந்தா சிரிச்சிடு, தலைய பின்னால சாய்ச்சு சிரின்னாரு. அந்தச் சிரிப்பைத்தான் பிற்காலத்தில சினிமாவுக்கு வித்தேன்.

நான் ஏன் ஒத்துக்கிட்டேன்னு நீ கேட்கணும். சம்பளத்துக்காகன்னு நெனைக்காத. அது வீட்டுக்கு உதவுச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா இந்தப் பாட்டை வேற எங்கம்மா பாடறது? கோயில் பாட்டுக் குழுவிலயா? அங்க நான் தாளத்துக்குப் பின்னால போனா சாமியாரு மணியடிச்சு நிறுத்திடுவாரு. என்னை மாதிரி ஒருத்திக்கு மெட்ராஸ்ல இருந்தது அந்த ஒரே மேடைதான். அதை விட்டா மறுபடி சுவருக்கு இந்தப் பக்கம் அரிசியும் கல்லும்தான். எனக்கு அந்த மேடை வேணும். உசிரைக் குடுத்தாவது வேணும்னு இருந்தது.

பேண்டுல அஞ்சு பேரு. எல்லாம் தமிழ் பேசறவங்க. அவங்ககிட்ட என்ன சுருதின்னு சொல்ல வாய் வேண்டியதில்ல. விரல் போதும். விரலை மேல தூக்கிக் காட்டினா ஒரு சுருதி, கீழ தொங்கவிட்டா ஒரு சுருதி, அது பேண்டுக்காரங்க வழக்கம். அதனால நான் பாட்டுக்கு ஊமை மாதிரி விரலைக் காட்டுறது, பாடறது, சிரிக்கிறது.

கேளு, இதுல நான் பண்ணின திருட்டுத்தனத்தைக் கேளு. எனக்குத் தமிழ் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு எல்லாரும் என் முன்னாடி எல்லாத்தையும் பேசுவாங்க. சமையல்கட்டுல காதர் பாய்னு தலைமைச் சமையல்காரரு. எனக்குத் தட்டில போடறது சூப்பும் வேகவெச்ச கேரட்டும். டிரினிடாட்காரி வேற என்ன தின்பா? நாக்கு செத்துப்போச்சு. ஆனா காதர் பாய்க்கு ஒரு பழக்கம், சத்தம் போட்டு அறிவிக்கிறது. நான் அந்தப் பக்கம் போறப்பல்லாம் யார்கிட்டயோ கத்துவாரு. "இன்னைக்கு நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு, ஒரு தட்டு மிஞ்சிப்போச்சு, பின்கதவு அலமாரியில மூடி வெச்சிருக்கேன், பூனை வராமப் பார்த்துக்கங்க"ன்னு. நான்தான் பூனை. மூணு வருஷம்மா. வாராவாரம் அந்தத் தட்டைக் காலி பண்ணியிருக்கேன். ஒரு வாரம்கூட மாட்டினது கிடையாது. பாவம் அந்த மனுஷன், தட்டு எங்க போகுதுன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கல. பக்கத்தில ஒரு ஸ்பூன் வேற மறந்து வெச்சிருப்பாரு.

அப்புறம் இஸ்ரவேல்.

இஸ்ரவேல் டபுள் பேஸ் வாசிக்கிறவன். வயலின் மாதிரியே இருக்கும், ஆனா ஆள் உசரம், நின்னுக்கிட்டுக் கட்டிப் பிடிச்சுத்தான் வாசிக்கணும். ஆளு நாசரேத்து பக்கம், திருநெல்வேலி. போலீஸ் பேண்டுல இருந்துட்டு வந்தவன். கறுப்பு, ஒல்லி, காதுல மட்டும் சதை. என் இடது பக்கத்தில ஒரு முழ தூரத்தில நிப்பான். அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். பேஸோட பேசுவான். அதுக்கு தாயின்னு பேரு வெச்சிருந்தான். வாசிக்கிறதுக்கு முன்னாடி அது கழுத்துப் பக்கம் குனிஞ்சு முணுமுணுன்னு பேசுவான். லூசுன்னு நெனச்சேன். ஆனா அந்த லூசு எனக்கு எவ்வளவு உபயோகப்பட்டான் தெரியுமா?

"தாயி, முதலாளி இன்னைக்குத் தூணுக்குப் பின்னால நிக்காவ, சூதானமா இரி"ன்னு பேஸுகிட்டச் சொல்லுவான். நான் உடனே உஷாராயிடுவேன். "தாயி, இந்தம்மாவுக்குச் சளி பிடிச்சிருக்கு, இன்னைக்கு நாம ஒரு படி கீழ எறங்கிப் போவோம்"னு சொல்லுவான். நானும் விரலை மாத்திக் காட்டிடுவேன், தொண்டை பிழைச்சுது. அவன் பாட்டுக்குத் தனியாப் பேசிட்டிருப்பான், ஒட்டுக்கேட்டுப் பயனடைஞ்சது நான். என் அதிர்ஷ்டம் அப்படி.

ஒரு தடவ கப்பல்காரன் ஒருத்தன் வந்துட்டான். நிஜமான டிரினிடாட்காரன். துறைமுகத்தில கப்பல் நிக்குது, போர்டைப் பார்த்துட்டு ஊர்ப் பொண்ணாச்சேன்னு ஆசையா வந்திருக்கான். மேடைக்கிட்ட வந்து எந்தத் தெரு, எந்தக் கோயில், யார் வீட்டுப் பொண்ணுன்னு கேட்கிறான். நான் தலைய சாய்ச்சு சிரிச்சேன். மறுபடியும் கேட்டான். மறுபடியும் சிரிச்சேன். மூணாவது தடவ அவன் முகம் மாறுது. எதிர்ல முதலியாருக்கு வேர்த்துக் கொட்டுது. அந்த நேரம் பார்த்து இந்த இஸ்ரவேல், கூறுகெட்டவன், பேஸைத் தூக்கி அந்த ஆள் கால் மேல போட்டுட்டான். அடியில ஈட்டி மாதிரி ஒரு கம்பி இருக்கும். ஷூவைத் தாண்டி உள்ள போயிடுச்சு. நாலு பேரு தூக்கிட்டு ஓடினாங்க. நான் தப்பிச்சேன். ஜாக்கிரதையே கிடையாதும்மா அந்த மனுஷனுக்கு. அவ்வளவு பெரிய சாமானை வெச்சிருக்கிறவன் இப்படியா கை நழுவ விடுவான்?

இன்னொண்ணு சொல்றேன். நான் பெரம்பூர்லேர்ந்து பஸ்லதான் வருவேன். ரெண்டு ஸ்டாப்பு முன்னாடி இறங்கி, தலைக்கு ஸ்கார்ஃப் கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, டாக்ஸி பிடிச்சு வெளிநாட்டுக்காரியா ஹோட்டல்ல போய் இறங்குவேன். ஒரு நாள் பஸ்ல கண்டக்டரோட சண்டை. சில்லறை தராம இழுத்தடிச்சான். நான் பெரம்பூர்க்காரி, விடுவேனா? அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசி முடிச்சிட்டுத் திரும்பறேன், பின் சீட்டுல இஸ்ரவேல். எனக்கு உசிரே போயிடுச்சு. ஆனா நல்ல காலம், அவன் ஜன்னலுக்கு வெளியவே பார்த்துட்டிருந்தான். மவுன்ட் ரோடு வர்ற வரைக்கும் கழுத்தைத் திருப்பல. அப்படி என்ன வேடிக்கையோ வெளியில. அன்னைக்கு மேடையில பேஸுகிட்டச் சொல்றான், "கண்டக்டர் வேலைக்கு மட்டும் போயிராத தாயி, மானம் போயிரும்"னு. எதுக்குச் சொன்னான்னு எனக்கு விளங்கவே இல்ல.

என்ன, சிரிக்கிறியா? சிரிக்காத, வலிக்கும்.

சரி, விஷயத்துக்கு வரேன். அவன் என்னைப் பத்தியும் பேஸுகிட்டப் பேச ஆரம்பிச்சான். முதல்ல சின்னச் சின்னதா. பச்சை கவுன் இந்தம்மாவுக்கு எடுப்பா இருக்கும்பான். அடுத்த வாரம் நான் பச்சை கவுன் போட்டா, அன்னைக்குப் பேஸ்லேர்ந்து வர்ற சத்தமே வேற. அப்புறம் பெருசு பெருசா. இந்தக் குரலைப் பக்கத்தில நின்னு கேட்டுக்கிட்டே கிழவனாயிட்டாப் போதும் தாயின்னான் ஒரு நாளு. நான் அப்ப பாடணும். எப்படிப் பாடினேன்னு கேட்காத. எனக்கும் அவனைப் பிடிச்சிருந்ததும்மா. இந்த வயசில எதுக்கு மறைக்கணும்? ரொம்பப் பிடிச்சிருந்தது.

ஆனா அவன் எனக்கா சொன்னான்? கட்டைக்குச் சொன்னான். என்கிட்ட நேரா வந்து இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேட்கல. கோழை. அவனுக்கு இங்கிலீஷ் இருபது வார்த்தை தெரிஞ்சா அதிகம்ங்கிறதை ஒத்துக்கிறேன். போலீஸ் பேண்டு இங்கிலீஷ், மார்ச், ஹால்ட், அட்டென்ஷன். இருந்தாலும் ஆம்பளைன்னா முயற்சி பண்ண வேணாமா? எனக்குத் தமிழ் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டுத்தானே தைரியமாப் பேசினான்? அதுதான் எனக்கு இன்னைக்கும் அவன் மேல ஆத்திரம்.

மூணு வருஷம் முடிஞ்சு, ஈஸ்டர் கழிஞ்ச கையோட நடந்தது இது. உங்கள்ல ஓலை வாசிக்கிற வழக்கம் இருக்கா? இருக்காது. எங்கள்ல கல்யாணம் நிச்சயமானா மூணு ஞாயிறு கோயில்ல ஓலை வாசிப்பாங்க. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நடக்கப் போகுது, இதுக்குத் தடை ஏதாவது தெரிஞ்சவங்க சொல்லலாம், இது முதல் ஓலைன்னு வாசிப்பாங்க. அடுத்த வாரம் ரெண்டாம் ஓலை. அப்புறம் மூணாம் ஓலை. மூணுக்கும் யாரும் வாயத் தொறக்கலைன்னா கல்யாணம் உறுதி. கத்தோலிக்கத்திலயும் உண்டு, இஸ்ரவேலோட சபையிலயும் உண்டு.

அந்த ஞாயிறு ரெண்டு பாட்டுக்கு நடுவில ஜனங்க டீ குடிச்சிட்டிருக்காங்க. இவன் பேஸுப் பக்கம் குனிஞ்சான். ஆனா குரல் குனியல. எனக்கு நல்லாவே கேட்டுது.

"தாயி, ஊர்ல மாமா மவளைப் பேசி முடிச்சிட்டாவ. அங்க கோயில்ல இன்னைக்கு முத ஓலை வாசிச்சிருப்பாவ. இங்கயும் நான் வாசிச்சிருதேன். நாசரேத் தேவதாசன் மகன் இஸ்ரவேலுக்குக் கல்யாணம். தடை சொல்லுதவிய சொல்லலாம். இது முத ஓலை."

சொல்லிட்டு நிமிர்ந்து நேரா எதிர்ல பார்த்தான். என்னைப் பார்க்கல. நான் விரலைக் காட்டினேன். பாட்டு ஆரம்பிச்சுது.

வீட்டுக்கு வந்து அழுதேன். எங்கம்மா கேட்டதுக்கு ஹோட்டல்ல வெங்காயம் உரிக்க விட்டாங்கன்னு சொன்னேன். அந்த வாரம் பூரா கணக்குப் போட்டேன். இன்னும் ரெண்டு வருஷம் ஒப்பந்தம் இருக்கு. வாயத் தொறந்தா மேடை போச்சு. தொறக்காட்டி இவன் போச்சு. வெளியில எங்கயாவது பிடிச்சுப் பேசலாமான்னு யோசிச்சேன். ஆனா எனக்குத் தமிழ் தெரியும்னு தெரிஞ்சா அவன் என்ன நெனைப்பான்? மூணு வருஷமா ஏமாத்தினவள்னு நெனைக்க மாட்டானா? பேஸுகிட்டச் சொன்னதையெல்லாம் ஒட்டுக்கேட்டிருக்காளேன்னு கூசிப்போயிட மாட்டானா? நான் அவன் மானத்தையும் யோசிச்சேம்மா. யாரு நம்புவா சொன்னா.

ரெண்டாவது ஞாயிறு. அதே மாதிரி குனிஞ்சான். ரெண்டாம் ஓலை வாசிச்சான். இந்தத் தடவ முடிச்சிட்டு ரொம்ப நேரம் நின்னான். பியானோக்காரன் ஆரம்பிச்சிட்டான், டிரம்ஸ் ஆரம்பிச்சுது, பேஸ் மட்டும் வரல. அடி இல்லாத வீடு மாதிரி பாட்டு அந்தரத்தில தொங்குது. ஆடறவங்க கால் தடுமாறிப் பார்க்கறாங்க. தாளத்தையே மறந்துட்டான்னு நெனச்சேன். அப்புறம் பெருமூச்சு விட்டுட்டு வாசிச்சான். அன்னைக்கு நான் சமையல்கட்டு வழியா வெளிய போறப்ப காதர் பாய் வழியை மறிச்சுக்கிட்டு நின்னாரு. என் முகத்தையே பார்த்தாரு. பூனை, தட்டுன்னு எதுவும் கத்தல. சும்மா பார்த்துட்டு வழிய விட்டுட்டாரு. தட்டு விஷயம் தெரிஞ்சு போச்சோன்னு எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு.

மூணாவது ஞாயிறு நான் பச்சை கவுன் போட்டுட்டுப் போனேன்.

ஹால் ரொம்பி வழியுது. யாரோ பெரிய அதிகாரி குடும்பத்தோட வந்திருக்கான்னு முதலியாரு தூணுப் பக்கத்திலேயே நிக்கறாரு. நாலாவது பாட்டு முடிஞ்சுது. இஸ்ரவேல் கைக்குட்டையால பேஸுக் கழுத்தைத் துடைச்சான். வில்லைக் கீழ வெச்சான். குனியவே இல்ல அன்னைக்கு. நேரா நின்னுக்கிட்டுச் சொன்னான்.

"இது மூணாம் ஓலை. இதுக்கு மேல வாசிக்க ஓலை கெடையாது. தடை இருந்தா பெருசா ஒண்ணும் சொல்ல வேண்டாம் தாயி. தமிழ்ல இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். முதலாளி தொரத்தினா தொரத்தட்டும். பாட்டு எங்கயும் பாடிக்கிடலாம். நான் கூட நின்னு வாசிப்பேன்."

பேஸுகிட்டப் போய் தமிழ்ல சொல்லுங்கிறான் பாரு. கட்டை வேற என்ன பாஷையில சொல்லும்? ஊர்ப்பக்கத்து ஆளுங்க பேச்சே அப்படித்தான், சுத்தி வளைச்சு ஒண்ணு கிடக்க ஒண்ணு வரும்.

பியானோக்காரன் கையை மடியில வெச்சுட்டான். டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழ வெச்சுட்டான். ரெண்டு பேரும் என்னையே பார்க்கறாங்க. சமையல்கட்டுக் கதவுல காதர் பாய் ஏப்ரனோட வந்து நிக்கறாரு. ஹால்ல ஜனங்க பாட்டுக்காகக் காத்திட்டிருக்காங்க. அத்தனை பேரு முகமும் என் பக்கம். அந்த மேடை இருக்கே, அது என் மேடை. அந்த வெளிச்சம் என் வெளிச்சம். என் வாய் தொறந்துச்சும்மா. நாக்கு வரைக்கும் வந்துடுச்சு அந்த வார்த்தை. சத்தியமா வந்துடுச்சு.

அடுத்த பாட்டுக்கு ரெண்டு விரலைக் கீழ காட்டினேன்.

அப்புறம் அவன்தான் முதல்ல ஆரம்பிச்சான். அப்படி ஒரு வாசிப்பை அதுக்கு அப்புறம் நான் கேட்டதில்ல. பம்பாயில பாடியிருக்கேன், கல்கத்தாவில பாடியிருக்கேன், கப்பல்ல ஆறு மாசம் பாடியிருக்கேன், எவ்வளவோ பெரிய ஆளுங்க எனக்கு வாசிச்சிருக்காங்க. எல்லாரும் கெட்டிக்காரங்கதான். அந்த மாதிரி ஒருத்தனும் என்னைத் தாங்கிப் பிடிக்கல. நானும் அன்னைக்கு மாதிரி எப்பவும் பாடல. ஆடறவங்க ஆட்டத்தை நிறுத்திட்டு நின்னு கேட்டாங்க. முடிஞ்சதும் கைதட்டல் ஓயவே இல்ல. நான் குனிஞ்சு மரியாதை பண்ணிட்டு நிமிர்றேன், அவன் பேஸுக்கு உறை போட்டு முடிச்சிட்டான். "தடை இல்ல தாயி"ன்னு மெதுவாச் சொன்னான். போயிட்டான். அடுத்த வாரம் வேற ஒருத்தன் வாசிச்சான். பேசவே மாட்டான் அவன், சுத்த மண்ணு.

அதுக்கப்புறம் காதர் பாயும் மாறிட்டாரு. கத்துறதே இல்ல. அலமாரியில தட்டும் இல்ல. ஒப்பந்தம் முடியற வரைக்கும் ரெண்டு வருஷம் வேகவெச்ச கேரட்டுத்தான். எதுக்குக் கோபமோ. நான் அவருக்கு என்ன பண்ணினேன்?

கடைசி நாள் இருக்கே, அதுக்காக நான் அஞ்சு வருஷம் காத்திட்டிருந்தேன். கணக்கு முடிஞ்சுது, கையெழுத்தும் போட்டாச்சு, இனிமே முதலியாரு என்னை ஒண்ணும் பண்ண முடியாது. நேராச் சமையல்கட்டுக்குப் போனேன். எல்லாரும் வாயப் பொளக்கப் போறாங்க, நாலு தட்டாவது கீழ விழுந்து உடையப் போகுதுன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. நடுவில நின்னு இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, சுத்தமான பெரம்பூர் தமிழ்ல, "என்ன பாய், சௌக்கியமா"ன்னு கேட்டேன்.

ஒரு தட்டு உடையல. ஒருத்தன் திரும்பல. வெங்காயம் நறுக்கறவன் நறுக்கிட்டே இருக்கான். காதர் பாய் மட்டும் அடுப்பைத் தணிச்சிட்டு என்னைப் பார்த்தாரு.

"ரெண்டு வருஷம் லேட்டும்மா"ன்னாரு.

சாப்பாட்டைச் சொல்றாருன்னு நெனச்சேன். அதிர்ச்சியில அவனுங்களுக்குப் பேச்சே வரலைன்னு நெனச்சுச் சிரிச்சுக்கிட்டே வெளிய வந்துட்டேன். வாசல்ல வந்து டாக்ஸியில ஏறி உட்கார்ந்ததும் ஏனோ சிரிப்பு நின்னு போச்சு.

அதுக்கப்புறம் என்ன, நிறையப் பாடினேன். என் சொந்தப் பேர்லயே பாடினேன். கல்யாணம் பண்ணிக்கல, நேரம் இல்ல. இஸ்ரவேலுக்கு நாலு பிள்ளைங்கன்னு கேள்வி. நாசரேத்தில பள்ளிக்கூடத்துப் பேண்டுக்கு வாத்தியாரா இருந்தானாம். எட்டு வருஷம் முன்னாடி போயிட்டானாம். யாரோ சொன்னாங்க. நல்லா இருந்திருக்கான், அது போதும்.

என்ன, ஏன் அப்படிப் பார்க்கிற? கன்னத்திலேர்ந்து கையை எதுக்கு எடுக்கற? பேசாத. பேசாதன்னு சொல்றேன்ல. நீ கேட்கப் போறது எனக்குத் தெரியும். லோபோ ஆன்ட்டி பேத்தியும் கேட்டா, எங்க பங்குச் சாமியாரும் கேட்டாரு. எல்லாருக்கும் ஒரே பதில்தான். அவனுக்குத் தெரியாது. அந்த ஹோட்டல்ல ஒருத்தனுக்கும் தெரியாது, அவ்வளவு சாமர்த்தியமா நடிச்சேன் நான்.

பதினெட்டா? இதோ வரேன் நர்ஸம்மா. கொஞ்சம் கையைக் குடு, எழுந்திருக்கணும்.

அவனுக்குத் தெரியவே தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அவன் என்கிட்டத்தான் கேட்டான்னு ஆயிடும். அவன் கேட்டு, நான் வேண்டாம்னு சொல்லிட்டதா ஆயிடும். நான் வேண்டாம்னு எப்பம்மா சொன்னேன்?